பதினொரு பசுக்கள், நான்கு தகடுகள்: தருமபுரத்து வெற்றிடப் பம்ப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், தருமபுரம் பக்கம் உள்ளே இறங்கினால் ஒரு பால்பண்ணை இருக்கிறது. கறவையில் பதினொரு பசுக்கள். 2018இல் கடனுக்கு வாங்கிய பால் கறக்கும் இயந்திரம் ஒன்று: இரண்டு வாளி, முலைக்காம்புக் கப்புகளுக்கு வெற்றிடத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் இரண்டு பல்சேட்டர், சுவரோரம் அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் ஒரு பம்ப். அந்தப் பம்புக்குள் காற்றை இழுத்துத் தள்ளும் தகடுகள் 2022 ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் மூன்று தடவை உடைந்தன.

முதல் தொகுதி நான்கு ஆண்டு உழைத்தது. இரண்டாவது ஏழு வாரம். மூன்றாவது மூன்றே வாரம். என்னை அங்கே போகவைத்தது இந்த வரிசைதான். ஒரு தகடு உடைவது இயல்பு. மாற்றிப் போட்ட ஒவ்வொன்றும் முன்னதைவிட விரைவில் உடைந்தால், குற்றம் தகட்டில் மட்டும் இல்லை.

“தம்பி, கரண்ட் இருக்கும்போதுகூடப் பம்ப் இழுக்கவில்லை. கப் கழன்று விழுகிறது, மாடு உதைக்கிறது. ஒருக்கால் வந்து பாருங்கள்” என்று பண்ணைக்காரி அக்கா தொலைபேசியில் சொன்னார். பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசை நின்ற காலம். கிளிநொச்சியிலிருந்து கருவிப் பையோடு சைக்கிளில் போனேன். விடியப்புறம் ஒரு மணி நேரத்தில் முடிந்த கறவை, கையால் கறக்கத் தொடங்கியபின் இரண்டரை மணி நேரம் ஆனது. பால் எடுக்கும் வாகனம் அதற்குள் போய்விடும். இரண்டு பசுக்களுக்கு மடிநோய் தொடங்கியிருந்தது. அக்காவின் இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கியிருந்தன.

பம்பைக் கழற்றுமுன் அது வேலை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் அளவுகள் எல்லாம் அதிலிருந்துதான் பொருள் பெறும்.

பம்ப் இழுக்கும் விதம்

வட்டமான ஒரு வார்ப்பிரும்புச் சிலிண்டர். அதற்குள் சிறிய விட்டமுள்ள ஒரு சுழலி, நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. சுழலியில் நீளவாக்கில் வெட்டிய நான்கு பிளவுகள். ஒவ்வொரு பிளவுக்குள்ளும் தடையின்றிச் சறுக்கும் ஒரு தகடு. சுழலி சுற்றும்போது தகடுகள் வெளியே வீசப்பட்டுச் சிலிண்டரின் சுவரைத் தடவியபடி போகின்றன. இரண்டு தகடுகளுக்கு இடையில் அடைபடும் அறை ஒரு பக்கத்தில் விரிகிறது, அங்கே காற்று உள்ளே வருகிறது. மறுபக்கத்தில் சுருங்குகிறது, அங்கே காற்று வெளியே தள்ளப்படுகிறது. உள்ளிழுக்கும் வாயையும் வெளித்தள்ளும் வாயையும் பிரிப்பது, சுழலி சிலிண்டரை ஏறத்தாழத் தொட்டு நிற்கும் அந்த ஒற்றைக் கோடு மட்டுமே.

யோசனை பழையது. 1588இல் அகோஸ்டினோ ராமெல்லி வெளியிட்ட இயந்திரப் படங்களிலேயே இதன் மூதாதை இருக்கிறது. கனடாவின் சார்ல்ஸ் பார்ன்ஸ் 1874இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஹரி விக்கர்ஸ் 1925இல் சிலிண்டரை நீள்வட்டமாக்கி, எதிரெதிரே இரண்டு உள்வாயும் இரண்டு வெளிவாயும் வைத்து, அச்சில் விழும் பக்கச் சுமையை ஒன்றுக்கொன்று ஈடுசெய்யவைத்தார். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் தகட்டுப் பம்புகள் பல இன்றும் அந்த வழியில்தான் போகின்றன. பால் கறக்கும் பம்புக்கு அவ்வளவு சிக்கல் தேவையில்லை. இங்கே அழுத்த வேறுபாடு வளிமண்டலத்தின் பாதி, அதாவது 50 கிலோபாஸ்கல் அளவுதான்.

அக்காவின் பம்பில் சிலிண்டரின் உள்விட்டம் 100 மி.மீ., சுழலி 88 மி.மீ., நீளம் 100 மி.மீ. சுழலி சிலிண்டரை நெருங்கும் அந்தக் கோட்டில், அதாவது மேற்கோட்டில், 0.05 மி.மீ. இடைவெளி விட்டால் சுழலியின் ஒதுக்கம், அதாவது இரண்டின் மையங்களுக்கும் இடையிலான தூரம், 5.95 மி.மீ. இந்த வகைப் பம்புக்கு ஒரு சுற்றில் இழுக்கும் கொள்ளளவைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு: π (3.14) என்ற எண்ணின் இரண்டு மடங்கைச் சிலிண்டரின் விட்டம், ஒதுக்கம், நீளம் மூன்றாலும் பெருக்க வேண்டும். தகடுகள் நான்கே இருப்பதால் அதில் 10 விழுக்காடு குறையும். தகடுகளின் தடிப்பு அடைக்கும் இடமும் கழியும். மிஞ்சுவது 0.31 லீற்றர். 1,400 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 435 லீற்றர். ஆனால் 50 கிலோபாஸ்கல் வெற்றிடத்தில் உள்ளே வரும் காற்று பாதி ஐதாகிவிடுவதால், வெளிக்காற்றின் கணக்கில் அது 215 லீற்றர்தான். கசிவு அதையும் குறைக்கும். விளம்பரத் தாளில் பெரிய எண்ணைப் பார்த்துப் பம்ப் வாங்குகிறவர்கள், அந்த எண் எந்த வெற்றிடத்தில் அளந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்த அமைப்பின் பெரிய நன்மை, தகடு தேயத் தேயத் தானே வெளியே வந்து சுவரைத் தொட்டுக்கொள்வது. பிஸ்டன் பம்பில் வளையம் தேய்ந்தால் உடனே இழுவை குறையும். இங்கே குறையாது. 30 மி.மீ. உயரத் தகடு 25 மி.மீ. ஆனாலும் வெற்றிட மானியின் ஊசி அதே இடத்தில் நிற்கும், சத்தமும் மாறாது. நான்கு ஆண்டு ஒரு குறையும் சொல்லாத பம்ப், ஒரு காலையில் திடீரென்று உடைந்ததற்கு இந்த நன்மைதான் காரணம். தேய்மானத்தை ஈடுசெய்யும் இயந்திரம், அதே செயலால் தேய்மானத்தை மறைக்கவும் செய்கிறது. இந்த ஆய்வில் நான் கண்டவற்றில் முதன்மையானது இது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வந்து சேர்ந்தவை.

கழற்றியபோது

மூடித் தட்டைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் எரிந்த பாலும் கலந்த வாடை வந்தது. நான்கு தகடுகளில் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. துண்டு வெளிவாயில் சிக்கியிருந்தது. இன்னொன்று பிளவுக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. பிளவின் சுவரில் பழுப்பு நிறத்தில் மெழுகு போன்ற படிவு. வாளி நிரம்பி வழிந்தால் பால் பம்புக்குப் போகாமல் தடுக்க வேண்டிய மிதவை நெடுநாளாக இறுகிக் கிடந்தது. பால் ஆவியும் நுரையும் குழாய் வழியே வந்து, சூட்டில் காய்ந்து, பிசினாகியிருந்தன.

ஒயில் கிண்ணத்தில் கறுப்பு ஒயில். “நல்ல ஒயில் விலைக்குக் கட்டாது தம்பி. லாண்ட்மாஸ்டரில் கழற்றியதை வடித்து ஊற்றினேன்” என்றார் அக்கா. லாண்ட்மாஸ்டர் என்பது இரண்டு சக்கர உழவு இயந்திரம். அந்த நாட்களின் விலையில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கழிவு ஒயிலில் மிதக்கும் கரியும் இரும்புத் தூளும் தகட்டின் முனைக்கு அரத்தாள் போல. ஒயிலைப் பம்புக்கு விடும் சொட்டுக் குழாயும் பாதி அடைத்திருந்தது.

சிலிண்டரின் உட்சுவரைத் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். உள்வாய் முடிந்து சுருக்கம் தொடங்கும் பகுதியில், விரல் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு அலையலையான குறுக்குத் தடங்கள். அதைக் கண்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். இந்தத் தடம் பெரிய நிறுவனங்களையும் தூங்கவிடாமல் செய்தது. 1960களில் ஜப்பானின் மஸ்டா நிறுவனம், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலி சுற்றும் வாங்கெல் எஞ்சினை உருவாக்கியபோது, சுழலியின் முனையடைப்பு உறையின் சுவரில் அதிர்ந்து துள்ளி, இதே போன்ற அலைத்தடங்களைப் பதித்தது. அங்கிருந்த பொறியியலாளர்கள் அதைப் பேயின் நகக் கீறல் என்று அழைத்தார்கள். அடைப்பின் அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்து, கடைசியில் கரியும் அலுமினியமும் கலந்த முனையடைப்பால் அதைக் கடந்து, 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கெல் எஞ்சினும் தகட்டுப் பம்பும் வேறு வேறு இயந்திரங்கள்தான். ஆனால் சுவரைத் தடவியபடி ஓடும் ஒரு முனை, தடவுவதை விட்டுத் துள்ளத் தொடங்கினால் இரண்டிலும் நடப்பது ஒன்றே. தகட்டைப் பயன்படுத்தி உள்ளெரி எஞ்சின் செய்ய முயன்ற பலரும் மோதி நின்ற இடம் இதுதான்: எரியும் வாயுவின் சூட்டில், ஒயில் படலம் கருகிய சுவரில், முனை தாங்குவதில்லை. குளிர்ந்த காற்றை இழுக்கும் பம்பிலும் அமுக்கியிலும் இந்த வடிவம் நிலைத்ததற்கும், எஞ்சினில் நிலைக்காததற்கும் காரணம் ஏறத்தாழ இந்த ஒன்றே.

பின்னர் அளவுகள். பிளவுகளின் அகலம் அடியில் 5.1 மி.மீ., வாயில் 5.4 மி.மீ. மணியின் வாய் போல விரிந்திருந்தன. மூடித் தட்டு இரண்டிலும் வட்டக் கீறல்கள். பேரிங்கில் கையால் உணரக்கூடிய ஆட்டம். இந்தப் பம்பில் சுழலியின் மேல் காற்று தள்ளும் பக்கச் சுமை சுமார் 440 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 45 கிலோ எடை, எப்போதும் ஒரே பக்கமாக. பேரிங் ஆடினால் மேற்கோட்டின் 0.05 மி.மீ. இடைவெளிக்கு உத்தரவாதம் இல்லை.

மூன்று உடைவுகள், மூன்று காரணங்கள்

முதலில் உடைந்த தொகுதியை அக்கா எறியாமல் ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டு வைத்திருந்தார். அந்தப் பேணி இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. உடையாத மூன்று தகடுகளின் உயரம் 23 மி.மீ. சொச்சம். புதிதில் 30. தகடு அதிகபட்சம் 12 மி.மீ. வெளியே நீள வேண்டும். அப்படி நீண்டபோது பிளவுக்குள் பிடிமானமாக இருந்தது 11 மி.மீ. மட்டுமே. வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட அதிகம். நீட்டிய பகுதியின் மேல் காற்றின் அழுத்தம் 60 நியூட்டன் வரை பக்கவாட்டில் தள்ளுகிறது. பிடிமானம் குறையக் குறையத் தகடு பிளவுக்குள் சாய்கிறது. சாய்ந்த தகடு பிளவின் வாயைக் கடைகிறது. கடைந்த வாய் இன்னும் சாயவிடுகிறது. ஒருநாள் தகடு குறுக்கே விழுந்து நொறுங்கியது. இயல்பான முதுமைதான். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தகட்டை வெளியே எடுத்து அளந்திருந்தால் 2021இலேயே மாற்றியிருக்கலாம். அளக்க வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லவில்லை. கையேடு சீன மொழியில் இருந்தது.

இரண்டாவது தொகுதி கடைசல் பட்டறையில் செய்தது. இறக்குமதி நின்று, கொழும்பிலேயே தகடு கிடைக்காத நேரம். செய்துகொடுத்த அண்ணையை எனக்கு நன்றாகத் தெரியும். போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின்களை ஓடவைத்து, இல்லாத உதிரிப்பாகத்தை எல்லாம் இரும்பிலிருந்து கடைந்தெடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். வன்னி அந்தக் கைகளால் பிழைத்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் தன்னிடம் பத்திரமாக இருந்த தடித்த துணிப் பேக்கலைட் கட்டை ஒன்றைச் சீவித் தகடாக்கியிருந்தார். பொருள் சரியானது. சீவிய திசை தவறானது.

துணிப் பேக்கலைட் என்பது பிசினில் தோய்த்த துணிகளை அடுக்கி, சூட்டில் அமுக்கிச் செய்வது. பனஞ்சிராய் போல அதற்கும் திசை உண்டு. அடுக்குகள் தகட்டின் முகத்துக்கு இணையாக, உயரவாக்கில் ஓட வேண்டும். கட்டையைக் குறுக்கே சீவியதால் அடுக்குகள் தகட்டின் தடிப்பைக் குறுக்கிட்டு நின்றன. உடைந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. நார் நாராகக் கிழியாமல், பிளந்த பலகை போல மழமழவென்று இருந்தது. துணியின் பலம் அங்கே வேலைக்கு வரவே இல்லை. இரண்டு துணிகளை ஒட்டிய பிசின் மட்டுமே சுமையைத் தாங்கியிருக்கிறது.

நீளத்திலும் ஒரு பிழை. பழைய தகடு 99.85 மி.மீ. மூடித் தட்டுகளுக்கு இடையே இருந்த தூரம் 100.05. அண்ணை இறுக்கமாக இருந்தால் கசியாது என்று நினைத்து 100.00 வைத்தார். எஞ்சின் வேலையில் பழகிய எவருக்கும் வரும் எண்ணம் அது. ஆனால் பம்ப் சூடேறி 50 பாகை உயர்ந்தால், 100 மி.மீ. வார்ப்பிரும்பு 0.05 மி.மீ. அளவு நீளும், பேக்கலைட் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளும். மீதியாக விட்ட 0.05 மி.மீ. தீர்ந்துபோய்த் தகடு மூடித் தட்டில் கடிக்கும். அந்த வட்டக் கீறல்கள் அப்படி வந்தவை. ஈரம் பட்டால் பேக்கலைட் இன்னும் சற்றுப் பருக்கும். பால் ஆவி வேறு வந்துகொண்டிருந்தது.

இவற்றோடு மின்வெட்டும் சேர்ந்தது. அந்த மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. பிறகும் பல வாரங்கள் வந்து வந்து போனது. கறவை நடுவில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பம்ப் நிற்கிறது. ஆனால் குழாயிலும் வாளியிலும் வெற்றிடத்தைச் சேமிக்கும் தாங்கியிலும் வெற்றிடம் இருக்கிறது. வெளிக்காற்று வெளிவாய் வழியே உள்ளே புகுந்து, தகடுகளைத் தள்ளி, சுழலியைப் பின்புறமாகச் சுற்றுகிறது. பம்ப் ஒரு காற்று மோட்டராக மாறிவிடுகிறது. டயர்க் கடையில் சக்கர நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கிக்குள் இருப்பதும் இதே தகட்டு மோட்டர்தான்.

இதைச் சோதிக்கக் கப்பியில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டு, பழைய தகடுகளில் தேறியவற்றை மாட்டி, கிடைத்த வெற்றிடத்தில் மின்சாரத்தை நிறுத்தினேன். கப்பி நின்று, ஒரு கணம் தயங்கி, பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது. அக்காவின் மகள் எண்ணினாள்: நாற்பத்தொரு சுற்று. இரண்டு வாளி, தாங்கி, குழாய் எல்லாம் சேர்த்து 70 லீற்றர். அதைப் பாதி வெற்றிடத்திலிருந்து நிரப்ப 35 லீற்றர் வெளிக்காற்று வேண்டும். தகடுகள் கசியாமல் இருந்தால் நூறு சுற்றுக்கு மேல் போயிருக்கும். இந்தப் பம்பின் பிளவுகள் சுற்றும் திசையைப் பார்த்துச் சரித்து வெட்டப்பட்டவை. சரியான திசையில் ஓடும்போது அந்தச் சரிவு தகட்டைச் சுலபமாகச் சறுக்கவிடும். எதிர்த்திசையில் முனையின் உராய்வு தகட்டைப் பிளவின் சுவரோடு நெம்பும். ஏற்கனவே வாய் விரிந்த பிளவு, குறுக்கு அடுக்குத் தகடு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை பின்சுழற்சி. ஏழு வாரம் தாங்கியதே பெரிது. வெளிக்குழாய் முற்றத்தைப் பார்த்து இருந்ததால், சோளகக் காற்றில் பறக்கும் செம்மண் புழுதியும் அந்தப் பின்சுழற்சியில் உள்ளே போயிற்று.

மூன்றாவது தொகுதி செய்தபோது அண்ணை மூடித் தட்டின் கீறலைத் தானே கண்டு, நீளத்தை 99.85 ஆகக் குறைத்துவிட்டார். மின்சாரத்தை நம்ப முடியாமல் அக்கா மோட்டரை விட்டு, முற்றத்தில் நின்ற லாண்ட்மாஸ்டரில் மிஞ்சியிருந்த டீசலில் பம்பைப் பெல்ட் போட்டு ஓட்டினார். எஞ்சின் நின்றால் அதன் அமுக்கமே பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பின்சுழற்சி இல்லை. நீளம் சரி, பின்சுழற்சி இல்லை. ஆனாலும் மூன்று வாரத்தில் உடைந்தது.

காரணம் வேகம். எஞ்சினின் கப்பி பெரியது, சுற்றும் கூடுதல். அதே நிலையில் ஓடவிட்டு அளந்தபோது பம்பின் அச்சு நிமிடத்துக்கு 1,920 சுற்று. தகட்டைச் சுவரில் அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 20 கிராம் தகடு 1,400 சுற்றில் சராசரியாக 15 நியூட்டனால் அழுத்தும், 1,920இல் 28. உராய்வுச் சூடு விசையையும் வேகத்தையும் பெருக்கியது என்பதால் மூன்றாம் அடுக்கில் ஏறும்: 2.6 மடங்கு. அடைத்த சொட்டுக் குழாயில் கழிவு ஒயில். படலம் காய்ந்த சுவரில் தகடு துள்ளி, அந்த அலைத்தடங்களைப் பதித்திருக்கிறது. கூடுதல் வேகத்தில் கூடுதல் இழுவை கிடைத்தது உண்மை. முதல் கிழமை மாடுகள் அமைதியாக நின்று கறந்தன என்று அக்கா சொன்னார். அதனால்தான் யாருக்கும் ஐயம் வரவில்லை.

பழுதுபார்ப்பு

புதிய பம்ப் வாங்கும் பேச்சுக்கே அப்போது இடமில்லை. சிலிண்டரை எஞ்சின் கடையும் பட்டறை ஒன்றில் கொடுத்து, அலைத்தடம் போகும்வரை கடைந்து மெருகிட்டோம். உள்விட்டம் 100.4 ஆயிற்று. இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். சிலிண்டரின் ஆரம் 0.2 மி.மீ. கூடினால், மேற்கோட்டின் இடைவெளியும் 0.05இலிருந்து 0.25 ஆகும். அந்தக் கோடு முழு நீளத்துக்கும் திறந்த கதவு. எவ்வளவு நல்ல தகடு போட்டாலும் வெளிவாயின் காற்று அதன் வழியே உள்வாய்க்குத் திரும்பிவிடும். சிலிண்டரைக் கடைந்தபின் சுழலியை அதே 0.2 மி.மீ. மேலே தூக்கியே ஆக வேண்டும்.

சுழலியைத் தாங்கும் பேரிங்குகள் மூடித் தட்டுகளில் இருக்கின்றன. மூடித் தட்டுகளின் இடத்தைக் குறிப்பது இரண்டிரண்டு ஊசிகள். அந்த ஊசிகளைக் கழற்றிவிட்டு, சுழலிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் 0.05 மி.மீ. பித்தளைத் தாளை வைத்து, சுழலி அதன்மேல் படியும்படி தட்டுகளை நகர்த்தி, போல்ட்டுகளை இறுக்கினோம். போல்ட் துளைகளில் இருந்த தளர்வு அந்த நகர்வுக்குப் போதுமாக இருந்தது. பிறகு பழைய ஊசித் துளைகளை விட்டுவிட்டு வேறு இடத்தில் புதிய துளை போட்டு ஊசி அடித்தோம். துளை போட்டவர் அதே கடைசல் அண்ணை. அரை நாள் எடுத்தார். தாளை உருவியபின் சுழலியைக் கையால் சுற்றினார். எங்கும் உரசாமல் சுற்றியது. “இப்படி ஒரு வேலையை எனக்கு முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால், தம்பி, அந்தக் கட்டையை நான் குறுக்கே வெட்டியிருக்கமாட்டேன்” என்றார்.

விரிந்த பிளவுகளை 6.1 மி.மீ. அகலத்துக்கு நேராக்கி, 6 மி.மீ. தகடு போடத் தீர்மானித்தோம். வவுனியாவில் மோட்டர் சுற்றும் கடை ஒன்றில் 6 மி.மீ. பேக்கலைட் தாள் கிடைத்தது. அங்கே இரண்டு வகை இருக்கும்: கடதாசி அடுக்கு, துணி அடுக்கு. கடதாசி அடுக்கு மின்கம்பி பிடிக்க நல்லது, தகட்டுக்கு உதவாது. வெட்டிய விளிம்பை ஈரமாக்கிப் பார்த்தால் துணியின் நெசவு கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்து எடுத்தோம். தாளாகவே வந்ததால் அடுக்கின் திசை தானாகச் சரியாக அமைந்தது. வெட்டி, முனையைச் சற்று உருட்டி, ஒரு இரவு ஒயிலில் ஊறவைத்து, மறுநாள் அளந்து, நீளத்தை 99.85க்குக் கொண்டுவந்தோம்.

சுழலியின் ஒதுக்கம் இப்போது 6.15 மி.மீ. தகட்டின் தடிப்பு கூடியதால் போன கொள்ளளவை ஒதுக்கம் கூடியது ஈடுசெய்து, சற்று மிச்சமும் தந்தது.

மற்றவை சின்ன வேலைகள். பேரிங் இரண்டும் மாற்றினோம். மிதவையை மண்ணெண்ணெயில் கழுவி அசையவைத்தோம். வெளிக்குழாயைக் கொட்டிலின் பின்பக்கம் திருப்பிக் கீழே வளைத்தோம். உள்குழாயில் ஒருவழி வால்வு போட்டோம். குழாய்க்கிணற்றுக்குப் போடும் பித்தளை வால்வுதான், ஆனால் ஸ்பிரிங் வைத்த வகை வேண்டாம் என்று சொல்லி, மெல்லிய மடல் ஆடும் வகையைத் தேடி வாங்கினேன். ஸ்பிரிங்கைத் திறக்கவே வெற்றிடத்தில் ஒரு பங்கு போய்விடும். லாண்ட்மாஸ்டருக்குத் தனியாக ஒரு சிறிய கப்பி கடைந்து, பம்பை 1,400க்குள் வைத்தோம். ஒயில் மட்டும் புதியது வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஒரு லீற்றர் பல வாரம் போகும் என்று கணக்குக் காட்டியபின் அக்கா ஒப்புக்கொண்டார்.

அளவைகள்

ஜூலையில் பம்ப் மீண்டும் ஓடியது. வெண்கட்டிக் கோட்டை மறுபடி போட்டு மின்சாரத்தை நிறுத்தினேன். கப்பி பின்னோக்கி அரைச் சுற்றுப் போய் நின்றது.

பம்பின் உடல்நிலையை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வாளிகளை மூடி, குழாயைத் திறந்து காற்றை விட்டு, பிறகு அடைத்து, ஊசி பூச்சியத்திலிருந்து 50 கிலோபாஸ்கலுக்கு ஏறும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தால் போதும். 70 லீற்றரை நிமிடத்துக்கு 435 லீற்றர் இழுக்கும் பம்ப் பாதியாக்க, கசிவே இல்லை என்று வைத்தால், 7 வினாடிக்குச் சற்றுக் குறைவு எடுக்கும். எங்களுக்கு 8 வினாடி வந்தது. நான் முதன்முதல் போன நாளில் ஊசி 34இலேயே நின்றுவிட்டது, எவ்வளவு நேரம் காத்தும் ஏறவில்லை.

ஆனால் இந்த நேரக் கணக்கு கசிவைக் காட்டும், தேய்மானத்தைக் காட்டாது. அதற்கு மூடித் தட்டைத் திறந்து ஒரு தகட்டை உருவி அளப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தகடு 12.3 மி.மீ. வெளியே நீளும், உள்ளே இருக்கும் பகுதி அதைவிடக் குறையவே கூடாது என்பதால் 26 மி.மீ. என்று எல்லை வைத்தோம். ஒரு வேனியர் அளவுகோலை அக்காவிடம் விட்டுவந்தேன். சுவரில் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தை ஒட்டி, திகதி, வினாடி, தகட்டின் உயரம் என்று மூன்று நிரல் கீறிக் கொடுத்தேன். உயரத்தை அளக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை பம்பைத் திறக்க வேண்டும் என்றபோது அவர் தயங்கினார். நன்றாக ஓடுகிறதை ஏன் கழற்ற வேண்டும் என்றார். பேணியிலிருந்த 23 மி.மீ. தகடுகளை எடுத்து மேசையில் வைத்து, இவையும் உடைந்த அன்று காலைவரை நன்றாகத்தான் ஓடின என்றேன்.

2023 பொங்கல் கழிந்து போனபோது நாட்காட்டியில் முதல் வரியும் கடைசி வரியும் இப்படி இருந்தன. ஜூலை: 8 வினாடி, 30.0 மி.மீ. ஜனவரி: 8 வினாடி, 29.3 மி.மீ. ஜனவரிக் கணக்கை எழுதியது மகள். அளந்தவர் அக்கா. நான் வருமுன்னரே பம்பைத் திறந்து, துடைத்து, மூடியிருந்தார்கள்.